வறுமையைக் குற்றமாகப் பதியும் கோப்புகள்

1951இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசின் பராமரிப்பில் இருந்த பூர்வகுடிப் பிள்ளைகள் 29 பேர். 1964இல் அந்த எண்ணிக்கை 1,466. மாகாணப் பராமரிப்பில் இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவராக இருந்தவர்கள், 13 ஆண்டுகளில் நூற்றுக்கு 34 பேர் ஆகிவிட்டார்கள். இந்த இடைவெளியில் அங்கே போரோ பஞ்சமோ வரவில்லை. பெற்றோர்கள் திடீரென்று கொடியவர்களாக மாறிவிடவும் இல்லை. நடந்தது ஒரு சட்டத் திருத்தம். அதன் பிறகு அந்த வீடுகளுக்குச் சமூகப் பணியாளர்கள் போகத் தொடங்கினார்கள்.

அவர்கள் கெட்ட எண்ணத்தோடு போகவில்லை. இந்த விவகாரத்தில் நாம் முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியது இதுதான்.

அதற்கு முன்பும் அந்தப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டுத்தான் வந்தார்கள். அரசு பணம் கொடுக்க, தேவாலயங்கள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஏறத்தாழ 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் அடைக்கப்பட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி. விடுமுறைக்கு வீட்டுக்கு விடுவதும் விடாததும் பள்ளியின் விருப்பம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தப் பள்ளிகள்மீது விமர்சனம் எழுந்தபோது முன்னால் வந்து பேசியவர்களில் சமூகப் பணியாளர்களும் உண்டு. 1947இல் கனடியச் சமூகப் பணியாளர் சங்கமும் கனடிய நல மன்றமும் சேர்ந்து நாடாளுமன்றக் கூட்டுக்குழுவிடம் ஒரு மனு கொடுத்தன. அந்த மனு கேட்டது சமத்துவத்தை. வெள்ளையருக்குக் கிடைக்கும் நலச் சேவைகள் பூர்வகுடியினருக்கு ஏன் கிடைக்கவில்லை, அவர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் சட்டத்தின் பாதுகாப்பு ஏன் இல்லை என்று அது கேட்டது. நியாயமான கேள்விதான்.

பதில் 1951இல் வந்தது. ‘இந்தியர் சட்டம்’ திருத்தப்பட்டது. மாகாணங்களின் பொதுச் சட்டங்கள், குழந்தைகள் நலச் சட்டம் உட்பட, பூர்வகுடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலங்களிலும் செல்லும் என்றாயிற்று. அந்த நிலங்களை அங்கே ரிசர்வ் என்பார்கள். சட்டம் ரிசர்வுக்குள் போனது, பணம் போகவில்லை. வீடு, குடிநீர், மருத்துவமனை, வேலை எதுவும் போகவில்லை. செலவு ஒன்றிய அரசுடையதா மாகாணத்துடையதா என்ற சண்டை தீராததால், நல்ல நாளில் எட்டிப் பார்க்காத மாகாணப் பணியாளர்கள் நெருக்கடி முற்றிய நாளில் மட்டும் வந்தார்கள். வந்தவர்கள் கையில் குடும்பத்துக்குக் கொடுக்க எதுவும் இருக்கவில்லை. பிள்ளையை எடுத்துக்கொண்டு போகும் அதிகாரம் மட்டும் இருந்தது.

அப்படி எடுக்கப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் வெள்ளையர் வீடுகளுக்கு வளர்ப்புப் பிள்ளைகளாகவும் தத்துப் பிள்ளைகளாகவும் போனார்கள். சிலர் எல்லை தாண்டி அமெரிக்காவுக்கும் கொடுக்கப்பட்டார்கள். 1967இல் சஸ்காச்சுவான் மாகாணம் பூர்வகுடி, மெட்டிஸ் (ஐரோப்பியர் கலந்த பூர்வகுடி வம்சாவளி) பிள்ளைகளைத் தத்தெடுக்கச் சொல்லித் தனித் திட்டமே தொடங்கியது. பத்திரிகையிலும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரங்கள் வந்தன. குழந்தையின் படம், பெயர், சுபாவம், ‘அன்பான வீடு தேவை’ என்ற வேண்டுகோள். அந்தக் குழந்தைக்கு ஏற்கெனவே ஒரு தாயும் பாட்டியும் மாமன்மாரும் இருக்கக்கூடும் என்பது விளம்பரத்தில் இல்லை. 1960களின் அந்த வாரியெடுப்பு இன்று கனடாவில் ‘அறுபதுகளின் அள்ளல்’ என்றே அறியப்படுகிறது. நாடு முழுவதும் இப்படிப் போனவர்கள் 20,000க்கும் மேல் என்று மதிப்பிடுகிறார்கள்.

மானிடோபா மாகாணத்தில் இதை விசாரித்த நீதிபதி எட்வின் கிமெல்மன், 1985இல் வெளியான இறுதி அறிக்கையில், நடந்தது பண்பாட்டு இனப்படுகொலை என்று எழுதினார். கோப்புகளை வரிசையாகப் படித்துவிட்டு ஒரு நீதிபதி வந்து சேர்ந்த முடிவு அது. அந்தக் கோப்புகளில் கொடூரமான உத்தரவு எதுவும் இல்லை. பரிவோடு எழுதப்பட்ட, கையெழுத்தும் தேதியும் சரியாக உள்ள, மேலதிகாரி ஒப்புதல் பெற்ற அறிக்கைகள்தான் இருந்தன.

ஒரு வீட்டுப் பார்வையை நெருங்கிப் பார்க்கலாம். பணியாளர் கதவைத் தட்டுகிறார். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். மாதக் கடைசி, பால் இல்லை, பழம் இல்லை. படுக்கைகளை எண்ணுகிறார், ஆறு பிள்ளைகளுக்கு மூன்று. சுவரில் பூஞ்சணம். குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும் என்ற அறிவிப்பு ஊருக்கே பொதுவாக நடப்பில் இருக்கிறது. தாய் வேலை தேடி நகரத்துக்குப் போயிருக்கிறாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள் பாட்டி. இவ்வளவும் உண்மை. பணியாளர் ஒன்றையும் இட்டுக்கட்டவில்லை. ஆனால் அவர் நிரப்ப வேண்டிய படிவத்தில் ‘இந்த ஊரில் வீடு கட்ட அரசு பணம் ஒதுக்கவில்லை’ என்று எழுத ஒரு கட்டம் கிடையாது. ‘உணவு போதாமை’, ‘உறங்கிடம் போதாமை’, ‘பெற்றோர் கண்காணிப்பில் இல்லை’ என்ற கட்டங்கள் இருக்கின்றன. மூன்றிலும் குறி விழுகிறது. அரசு செய்யத் தவறியது தாய் செய்யத் தவறியதாகக் கோப்பில் ஏறுகிறது.

கனடாவில் பூர்வகுடிப் பிள்ளைகள் தொடர்பான புகார்களை ஆய்வாளர்கள் பல சுற்றுகளாகப் பரிசீலித்திருக்கிறார்கள். நிகோ ட்ரோக்மே என்பவரின் தலைமையில் தொடங்கிய தேசிய ஆய்வுத் தொடர் அதில் முக்கியமானது. அந்தப் பிள்ளைகள் அதிகமாகப் பராமரிப்புக்குள் வருவது அடி உதையாலோ பாலியல் கொடுமையாலோ அல்ல. கவனிப்பின்மை என்ற தலைப்பின் கீழ்தான். அதற்குப் பின்னால் நிற்பவை வறுமை, மோசமான வீடு, போதைப் பழக்கம். மூன்றாவதற்குச் சிகிச்சை உண்டு. முதல் இரண்டுக்கும் பணம் வேண்டும். தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பது இந்த மூன்றில் எதற்கும் மருந்தில்லை.

இடர் மதிப்பீட்டுப் படிவங்கள் வந்தபோது, இனி தனிமனித விருப்பு வெறுப்புக்கு இடமில்லை, எல்லாருக்கும் ஒரே கேள்விகள், ஒரே மதிப்பெண் என்றார்கள். வட அமெரிக்காவில் பரவலாகப் புழங்கும் இத்தகைய படிவங்கள் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். இந்தக் குடும்பத்தின்மீது முன்பு புகார் வந்ததுண்டா? பெற்றோர் தாமே சிறுவயதில் கொடுமைக்கோ கவனிப்பின்மைக்கோ ஆளானவர்களா? வீட்டில் எத்தனை பிள்ளைகள்? இருப்பிடம் நிலையானதா? உறைவிடப் பள்ளியில் அடிபட்டு வளர்ந்த பாட்டி, வளர்ப்பு இல்லங்களுக்கு இடையே பந்தாடப்பட்ட தாய், அவளுக்குப் பிறந்த குழந்தை: இந்த மூன்றாம் தலைமுறை பிறக்கும்போதே மதிப்பெண்ணோடு பிறக்கிறது. முந்தைய இரண்டு தலைமுறைக்கு அரசு செய்த தீங்கு, மூன்றாவது தலைமுறையை எடுத்துக்கொள்வதற்கான சான்றாகிறது. எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதால் மட்டும் நியாயம் வந்துவிடாது. ஒரே அளவுகோலை மேட்டிலும் பள்ளத்திலும் வைத்துப் பார்த்துவிட்டுப் பள்ளத்தில் நிற்பவனைக் குள்ளன் என்று எழுதுகிறோம்.

இன்னொன்றும் இருந்தது. கர்ப்பிணி ஒருத்தி ஆபத்தானவள் என்று குழந்தைகள் நல அலுவலகம் கருதினால், மருத்துவமனைக்கு முன்கூட்டியே ஒரு குறிப்பு அனுப்பும். ‘பிறப்பு எச்சரிக்கை’ என்று அதற்குப் பெயர். அப்படி ஒரு குறிப்பு போயிருப்பது அவளுக்கே தெரியாது. பிரசவ வலியோடு வந்து சேர்கிறாள். பிள்ளை பிறக்கிறது. செவிலியர் தொலைபேசியை எடுக்கிறார். ஓரிரு நாளில் பணியாளர் வார்டுக்கு வந்துவிடுகிறார். காணாமல்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்கள் குறித்த தேசிய விசாரணை, 2019 ஜூனில் தந்த அறிக்கையில் இதை உடனே நிறுத்தச் சொன்னது. பிரிட்டிஷ் கொலம்பியா 2019 செப்டம்பரில் நிறுத்தியது; மானிடோபாவும் ஒன்டாரியோவும் 2020இல். அதுவரை பல ஆண்டுகளாக நடந்த வேலை அது. மருத்துவமனைக்குப் போனால் பிள்ளை போய்விடும் என்று பயந்து கர்ப்பகாலச் சோதனைக்கே வராமல் இருந்த பெண்கள் உண்டு. வராதது இன்னொரு குற்றமாகக் கோப்பில் ஏறியது. பாதுகாப்பு என்ற பெயரில் செய்தது பாதுகாப்பைக் குலைத்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவுக்கும் பணியாளரின் மனத்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. பணம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால்தான் மற்றது விளங்கும்.

1990களின் தொடக்கத்திலிருந்து ரிசர்வுகளில் இயங்கும் குழந்தைகள் நல முகமைகளுக்கு ஒன்றிய அரசு ஒரு சூத்திரத்தின்படி பணம் கொடுத்தது. பிள்ளையை எடுத்து வெளியே வைத்தால், ஆகும் செலவு முழுவதையும் அரசு திருப்பித் தரும். பிள்ளையை வீட்டிலேயே வைத்துக் குடும்பத்துக்கு உதவ வேண்டும் என்றால், மக்கள்தொகையைக் கணக்கிட்டுத் தந்த ஒரு குறுகிய தொகைக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தொகையும் போதாது. 2000இல் அரசும் பூர்வகுடி அமைப்புகளும் கூட்டாகச் செய்த ஆய்வு, மாகாணச் சராசரியைவிட இந்த முகமைகளுக்கு ஒரு பிள்ளைக்கு 22 சதவீதம் குறைவாகக் கிடைப்பதைக் காட்டியது. விளைவை நினைத்துப் பாருங்கள். அடுப்புக்கு விறகு வாங்கித் தர, கூரையைச் செப்பனிட, தாய்க்குப் போதை மீட்புச் சிகிச்சை தர முகமையிடம் பணம் இல்லை. அதே பிள்ளையை 500 கிலோமீட்டர் தள்ளி ஓர் அந்நியர் வீட்டில் வைத்து மாதாமாதம் படியளக்கப் பணம் இருக்கிறது. நல்ல மனமுள்ள பணியாளரும் வேறு வழியின்றி எடுக்கத்தான் செய்வார். 2008இல் கனடாவின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஷீலா ஃப்ரேசர், ரிசர்வுப் பிள்ளைகள் பராமரிப்புக்குள் வரும் விகிதம் வெளியே உள்ள பிள்ளைகளைவிட ஏறத்தாழ 8 மடங்கு என்று நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தந்தார். தணிக்கைத் துறையின் மொழியில் எழுதப்பட்ட அறிக்கைதான். படிக்கும்போது நெஞ்சு அடைக்கிறது.

ஜோர்டன் ரிவர் ஆண்டர்சன் என்ற சிறுவனின் பெயரைக் கனடா நாடாளுமன்றமே பதிவில் ஏற்றியிருக்கிறது. மானிடோபாவின் நார்வே ஹவுஸ் க்ரீ இனத்தில் 1999இல் சிக்கலான நோயோடு பிறந்தவன். வின்னிபெக் மருத்துவமனையில் வளர்ந்தான். இரண்டு வயதளவில், வீட்டுச் சூழலில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் செய்யும் பராமரிப்புக்கு யார் பணம் கட்டுவது? ஒன்றியமா, மாகாணமா? இரண்டு அரசுகளும் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக வாதாடின. குளிக்கவைக்கும் குழாய் போன்ற சின்னச் சாமானுக்குக்கூடச் சண்டை. 2005இல், ஐந்து வயதில், வீட்டில் ஒரு நாள்கூட இருக்காமல் மருத்துவமனையிலேயே அவன் இறந்தான். முதலில் பிள்ளைக்கு வேண்டியதைக் கொடு, கணக்கை அப்புறம் தீர்த்துக்கொள் என்ற விதியை 2007 டிசம்பர் 12 அன்று நாடாளுமன்றக் கீழவை ஒருமனதாக ஏற்றது. அவன் பெயராலேயே அது ‘ஜோர்டன் நெறி’ எனப்படுகிறது. அதன் பிறகும் அதிகாரிகள் அதற்குக் குறுகலான விளக்கம் சொல்லியே காலம் கடத்தினார்கள். ஒரு வெள்ளையர் குடும்பத்தில் பிறந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. பில் எங்கே போக வேண்டும் என்பதில் சந்தேகம் இருந்திருக்காது.

2007 பிப்ரவரியில் ‘ஃபர்ஸ்ட் நேஷன்ஸ் குழந்தை, குடும்பப் பராமரிப்புச் சங்கம்’ ஒன்றிய அரசின்மீது மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுத்தது. அதை நடத்தியவர் சிண்டி பிளாக்ஸ்டாக். கிட்க்சன் இனத்தைச் சேர்ந்தவர். தொழிலால் சமூகப் பணியாளர். அரசு வழக்கின் உள்ளே போய் வாதாடுவதற்கு முன், விசாரணையே நடக்கக் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் வாதாடியது. பிளாக்ஸ்டாக்கின் ஃபேஸ்புக் பக்கத்தை அரசு அதிகாரிகள் கண்காணித்தது வெளியே வந்தது. அது தவறு என்று 2013இல் தனியுரிமை ஆணையர் சொன்னார். 2016 ஜனவரி 26 அன்று, புகாரை விசாரித்த மனித உரிமைத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது: ரிசர்வுப் பிள்ளைகளுக்குக் குறைவாகப் பணம் ஒதுக்குவதும், பிள்ளையை எடுத்தால்தான் பணம் என்ற ஏற்பாடும் இனப் பாகுபாடு. எண்ணம் எதுவாக இருந்தாலும் விளைவு பாகுபாடுதான் என்பதே அதன் சாரம்.

சமூகப் பணி படிக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய தீர்ப்பு அது. பாகுபாடு என்றால் யாரோ ஒருவர் யாரையோ வெறுக்க வேண்டும், இழிசொல் பேச வேண்டும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கனடாவில் அது ஒரு நிதி ஒதுக்கீட்டு அட்டவணையாக இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவருக்கு எந்தப் பிள்ளையின் முகமும் தெரியாது.

தீர்ப்புக்குப் பிறகும் அரசு உடனே பணியவில்லை. இணங்கவில்லை என்று தீர்ப்பாயம் திரும்பத் திரும்ப உத்தரவுகள் போட வேண்டியிருந்தது. 2019இல், பாதிக்கப்பட்ட பிள்ளை ஒவ்வொருவருக்கும் 40,000 டாலர் கொடுக்கச் சொன்னது. முடிவில் 2023 அக்டோபரில் ஒன்றிய நீதிமன்றம் 2,300 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பீட்டு உடன்பாட்டுக்கு ஒப்புதல் தந்தது. ‘அறுபதுகளின் அள்ளல்’ வழக்கிலும், ஒன்டாரியோவில் பூர்வகுடிக் குழுக்களைக் கலந்துபேசாமல் ஒன்றிய அரசு தன் கடமையில் தவறியது என்று நீதிபதி எட்வர்ட் பெலோபாபா 2017 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருந்தார். மாகாணத்துடன் 1965இல் போட்ட ஒப்பந்தத்திலேயே கலந்துபேச வேண்டும் என்று எழுதியிருந்தது. யாரும் பேசவில்லை. சமூகப் பணியாளர் சங்கம் 1947 மனுவில் தன் பங்குக்கும் சேர்த்து 2019இல் மன்னிப்புக் கேட்டது. எழுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து.

இதெல்லாம் முடிந்துபோன வரலாறு என்று ஆறுதல் கொள்ள முடியாது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கனடாவில் 14 வயது வரையிலான பிள்ளைகளில் பூர்வகுடியினர் 7.7 சதவீதம். வளர்ப்பு இல்லங்களில் உள்ள அதே வயதுப் பிள்ளைகளில் அவர்கள் 53.8 சதவீதம். ஐந்தாண்டுக்கு முந்தைய கணக்கில் இது 52.2 ஆக இருந்தது. மன்னிப்பும் தீர்ப்பும் வந்துகொண்டிருந்த அதே காலத்தில் விகிதம் ஏறித்தான் இருக்கிறது. 2020 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ஒன்றியச் சட்டம், தம் பிள்ளைகளின் நலத்தைத் தாமே நிர்வகிக்கும் உரிமை பூர்வகுடியினருக்கு உண்டு என்று ஏற்றது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. நம்பிக்கை தரும் திருப்பம் அது. ஆனால் உரிமையோடு போதிய பணமும் போகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1951இல் சறுக்கிய இடமும் அதுவே.

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். எடுக்காமல் விட்டால் பிள்ளை செத்துப்போனால் என்ன செய்வது? எழத்தான் வேண்டும். மானிடோபாவில் 2005இல் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டிலேயே கொல்லப்பட்டாள். நலத்துறைக்குப் பலமுறை தகவல் போயிருந்தது. கோப்பு திறந்து திறந்து மூடப்பட்டது. அந்த மரணம் தடுத்திருக்கக் கூடியது. அதை விசாரித்த டெட் ஹியூஸின் அறிக்கை 2014இல் வெளியானது. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் பயந்துபோன துறை கண்மண் தெரியாமல் பிள்ளைகளை எடுத்தது. மானிடோபாவில் பராமரிப்பில் இருந்த பிள்ளைகள் 10,000ஐத் தாண்டினார்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பூர்வகுடியினர். வைக்க வீடு கிடைக்காமல் ஓட்டல் அறைகளில் தங்கவைத்தார்கள். 2014 ஆகஸ்டில் வின்னிபெக்கின் ரெட் ஆற்றிலிருந்து 15 வயதுச் சிறுமி ஒருத்தியின் உடல் எடுக்கப்பட்டது. அவள் அரசின் பராமரிப்பில் இருந்தவள், ஓட்டலில் வைக்கப்பட்டிருந்தவள். ஒரு சிறுமி வீட்டில் செத்தாள் என்று எடுக்கத் தொடங்கிய துறையின் கையிலிருந்தே இன்னொரு சிறுமி போனாள். ஹியூஸும் கடைசியில் வந்து நின்றது வறுமையிலும் வீட்டு வசதியிலும்தான். உண்மையான கொடுமை நடக்கும் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டிய பணியாளரின் மேசையில், உணவு இல்லாத வீடுகளின் நூறு கோப்புகள் கிடந்தால், அந்த ஒரு வீடு அடியில் போய்விடும். வறுமையையும் கொடுமையையும் ஒரே அடுக்கில் வைப்பதன் முதல் பலி, உண்மையிலேயே ஆபத்தில் இருக்கும் பிள்ளை.

கனடாவில் வாழும் தமிழர்களுக்கு இது அக்கம்பக்கத்துக் கதை. டொரொண்டோவிலும் அதன் ஸ்காபரோ பகுதியிலும் ‘சி.ஏ.எஸ்.’ (குழந்தைகள் உதவிச் சங்கம்) என்ற மூன்றெழுத்தைக் கேட்டாலே பயப்படும் வீடுகள் உண்டு. அம்மம்மாவோடு ஒரே படுக்கையில் உறங்கும் பிள்ளையும், மூத்த பிள்ளை சின்னதைப் பார்த்துக்கொள்ளும் பழக்கமும், இரண்டு வேலை செய்யும் தாயும் அந்த நாட்டுப் படிவத்துக்குள் எப்படி விழுகிறார்கள் என்பது தமிழ்ப் பணியாளர்களுக்குத் தெரியும். ஒன்டாரியோ மனித உரிமை ஆணையம் 2018இல் 27 முகமைகளை ஆராய்ந்தது. 25 முகமைகளில் பூர்வகுடிப் பிள்ளைகள் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிட அதிகமாகப் பராமரிப்புக்குள் வந்திருந்தார்கள். எட்டில் கறுப்பினப் பிள்ளைகள். பல முகமைகளிடம் இனவாரிப் பதிவே ஒழுங்காக இல்லை என்பதும் அதில் வெளிப்பட்டது. எண்ணாத இடத்தில் பாகுபாடு இருக்கிறதா இல்லையா என்று எப்படிச் சொல்வது? எங்களிடம் பாகுபாடு கிடையாது என்று எந்த நிறுவனமாவது சொன்னால், முதலில் கணக்கைக் கேட்க வேண்டும்.

கணக்கு என்றதும் தமிழ்நாட்டுக்கும் வர வேண்டியிருக்கிறது. வலிந்து இழுத்துவரவில்லை. இந்தியாவில் உள்ள குழந்தைகள் இல்லங்களை ஒன்றிய அரசு கணக்கெடுத்து 2018இல் அறிக்கை வெளியிட்டது. மொத்தம் 9,589 இல்லங்கள். அதிகமான இல்லங்கள் இருந்த மாநிலம் தமிழ்நாடு: 1,647. நாடு முழுவதும் இந்த இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெற்றோர் இருவரையும் இழந்தவர்களைவிட, தாயோ தந்தையோ ஒருவர் உயிரோடு இருப்பவர்கள் மிக அதிகம். ஊரில் ‘அனாதை இல்லம்’ என்று பேசினாலும், உள்ளே இருப்பவர்களில் பலருக்கு வீடும் அம்மாவும் உண்டு. கணவனை இழந்தவள், விட்டுப்போகப்பட்டவள், செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ ஊர் ஊராகப் போகிறவள். சோறும் படிப்பும் கிடைக்கும் என்று கொண்டுவந்து விடுகிறாள். இங்கே யாரும் பிடுங்கிக்கொண்டு போகவில்லை என்பது உண்மை. ஆனால் கொடுக்க வேண்டிய உதவியை வீட்டுக்குக் கொடுக்காமல் இல்லத்துக்கு மட்டும் கொடுத்தால், தாய் தானே கொண்டுவந்து விடும்படி ஆகிறது. பணம் ஓடும் பக்கம் பிள்ளையும் போகும். கனடாவின் சூத்திரம் காட்டிய பாடம் இங்கும் பொருந்தும்.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அடிப்படை நெறிகளிலேயே எழுதியிருக்கிறது. அதே சட்டம், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை யார் என்று வரையறுக்கும்போது, வீடோ நிலையான இருப்பிடமோ இல்லாத, பிழைப்புக்கு வழியும் இல்லாத குழந்தை என்றுதான் தொடங்குகிறது. தெருவில் வாழ்வதும் பட்டியலில் அடுத்து வருகிறது. சென்னை நடைபாதையில் மூன்று தலைமுறையாக வாழும் குடும்பங்களையும், ஊசிமணி பாசிமணி விற்கும் நரிக்குறவர் குடும்பங்களையும், சூளையில் பிள்ளையோடு தங்கும் இருளர் குடும்பங்களையும் இந்த வரியோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். அவர்கள் வாழும் முறை முழுவதுமே சட்டத்தின் கண்ணில் ஆபத்தாகத் தெரியும். நிலமும் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கிடைக்காமல் போனது யாரால் என்பது அந்த வரியில் இல்லை. பிள்ளைகளைக் குடும்பத்திடமிருந்து பிரிக்க வறுமை மட்டுமே காரணமாகிவிடக் கூடாது என்று 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அது நம் குழந்தைகள் நலக் குழு உறுப்பினர் ஒவ்வொருவரின் மேசையிலும் தமிழில் இருக்க வேண்டிய வாசகம்.

2020 செப்டம்பரில் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்புத் தேசிய ஆணையம், தமிழ்நாடு உட்பட எட்டு மாநிலங்களுக்கு, இல்லப் பிள்ளைகளைக் குடும்பங்களிடம் திருப்பி அனுப்பும் வேலையைத் தொடங்கச் சொல்லிக் கடிதம் எழுதியது. நோக்கம் சரி. ஆனால் அது கொரோனாக் காலம். வேலை போய், வருமானம் போய்க் கிடந்த வீடுகள் அவை. உதவி முன்னால் போகாமல் பிள்ளை மட்டும் திரும்பிப் போவது, எடுப்பதைப் போலவே ஆபத்தானது. அனுப்பினால் ஒரு கணக்கு குறையும். அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா சூளைக்குப் போகிறதா என்பது எந்தக் கணக்கிலும் வராது. ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குடும்பத்திலேயே வைத்து வளர்க்க ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. இல்லத்தின் வாசலில் பிள்ளையோடு நிற்கும் தாய்க்கு அந்தத் திட்டத்தின் பெயரை யாராவது சொல்கிறார்களா என்பதே என் கவலை.

இங்கே இல்லத்தில் சேர்க்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சமூக விசாரணை அறிக்கை எழுதப்படுகிறது. அதை எழுதுபவர் பெரும்பாலும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) படித்த, ஒப்பந்தச் சம்பளத்தில் வேலை பார்க்கும், ஒரு மாவட்டம் முழுவதையும் சுமக்கும் இளைஞர். பெற்றோரின் பழக்கவழக்கம், வீட்டின் நிலை, வருமானம் எல்லாம் அதில் வருகின்றன. பிரிக்க முடிவெடுப்பதற்கு முன் அந்தக் குடும்பத்துக்கு எந்த உதவி கேட்கப்பட்டது, எந்த அலுவலகத்தில், என்று, கிடைத்ததா, மறுத்தது யார் என்பதையும் அதே அறிக்கையில், அதே அளவு இடத்தில், கட்டாயமாக எழுதவைக்க வேண்டும். இல்லங்களில் உள்ள பிள்ளைகளின் சாதி, ஊர், உயிரோடு உள்ள பெற்றோர், சேர்த்த காரணம் ஆகியவற்றைப் பெயரில்லாமல் மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஆதரவுத் தொகைக்கு வந்த விண்ணப்பம் எத்தனை, தந்தது எத்தனை, எத்தனை மாதம் தாமதம் என்பதும் அதே பக்கத்தில் அச்சாக வேண்டும்.